டம்ளருக்குள் ஒரு பனிப்பாறை

கிருஷ்ணகிரியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கிரீன்லாந்து போன்ற இடங்களில் பனி ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படிந்து, அந்தந்த ஆண்டின் தூசையும் உள்ளே பிடித்து வைத்திருக்கும்; பனியையே பார்க்காத பிள்ளைகளுக்கு அதைப் புரியவைக்க இதைத்தான் செய்து காட்டுவேன்.

வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளரில் கொதித்து ஆறிய தண்ணீரை இரண்டு விரற்கடை ஊற்றி ஃப்ரீசரில் உறைய வையுங்கள். அதன்மேல் விளக்குக் கரி ஒரு சிட்டிகை தூவி, மறுபடி தண்ணீர். அடுத்த அடுக்குக்கு நெடுஞ்சாலையோர மாவிலையில் துடைத்தெடுத்த தூசு. ஊற்றும் தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும்; முதல் தடவை நான் ஆறுவதற்குள் ஊற்றி, கீழ் அடுக்கு கரைந்து எல்லாம் கலங்கிவிட்டது.

டம்ளரைத் தண்ணீரில் சற்று முக்கினால் கட்டி கழன்று வரும். வெயிலில் பிடித்துக் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். அடியில் இருப்பதே பழைய ஆண்டு.

அப்புறம் கட்டியின் வெளிப்புறத்தைக் கழுவுங்கள், நம் கையழுக்கு போகட்டும். கிரீன்லாந்துப் பனியில் ஈயத்தை அளந்த அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் இந்தச் சுத்தத்துக்காகத்தான் அவ்வளவு பாடுபட்டார். 1940க்குப் பிறகு விழுந்த பனியில் ஈயம் மளமளவென்று ஏறியதை அவர் குழு 1969இல் வெளியிட்டது. பெட்ரோலில் கலந்த ஈயம் அதற்குப் பெரும் காரணம். ஆளில்லாத இடத்தில் வண்டிப்புகை! சொல்லும்போதெல்லாம் மனசு கனக்கும்.

கடைசியாக, உருகிய தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். கரியும் தூசும் தங்கும். நிஜப் பனியில் உள்ள ஈயம் இப்படிக் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.