முதல் முறை செய்பவர்களுக்குப் பூண்டு பிரெட் ரோல்

பூண்டு பிரெட் ரோலை முதன்முதலாகச் செய்தபோது, அதன் மணம் ரொட்டி முழுவதும் பரவ வேண்டும் என்ற ஆசையில் பத்துப் பல் பச்சைப் பூண்டை நசுக்கி மாவிலேயே சேர்த்துப் பிசைந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் துணியை விலக்கிப் பார்த்தால், மாவு வைத்த அளவிலேயே இருந்தது. கையில் எடுத்தபோது இழுபட்டுத் தொங்கியதே தவிர உருண்டையாக நிற்கவில்லை. ஈஸ்ட் பழசாகியிருக்கும் என்று நினைத்து, புதிய பாக்கெட் வாங்கி மறுபடி செய்தும் அதே நிலைதான். பூண்டுதான் காரணம் என்பது பிறகே புரிந்தது. பூண்டுப் பல்லை நசுக்கும்போது அதன் செல்கள் உடைந்து, அல்லிசின் என்னும் கந்தகச் சேர்மம் உருவாகிறது. நுண்ணுயிர்களை அடக்குவது அதன் இயல்பு; ஈஸ்டும் ஒரு நுண்ணுயிர்தான். அதோடு, பூண்டில் உள்ள கந்தகம் சார்ந்த சேர்மங்கள் மாவுக்கு வலுவைத் தரும் குளூட்டன் பின்னலையும் தளர்த்திவிடுகின்றன.

ஆகவே இந்தச் செய்முறையில் பூண்டு மாவுக்குள் போகாது. அதை மிதமாக வதக்கி, வெண்ணெயோடு கலந்து, பெரும்பங்கை மாவின் சுருள்களுக்கு இடையிலும், மீதியை வெந்து வெளியே வந்த ரோல்களின் மேலும் தடவப் போகிறோம்.

எடுத்து வைக்க வேண்டியவை

மாவுக்கு 300 கிராம் மைதா, 1 தேக்கரண்டி (சுமார் 3 கிராம்) இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 1 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு, 125 மில்லி பால், 75 மில்லி தண்ணீர், மென்மையாக இளகிய 30 கிராம் வெண்ணெய் ஆகியவை தேவை. பூண்டு வெண்ணெய்க்கு 80 கிராம் வெண்ணெய், 10 பெரிய பூண்டுப் பற்கள், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி அல்லது கொத்தமல்லித் தழை 2 மேசைக்கரண்டி, கால் தேக்கரண்டி உப்பு. உப்பு சேர்த்த வெண்ணெயாக இருந்தால் இந்தக் கால் தேக்கரண்டியை விட்டுவிடலாம். இந்த அளவுக்கு 9 ரோல்கள் கிடைக்கும். 20 சென்டிமீட்டர் சதுர டின் பொருத்தமாக இருக்கும்.

மைதாவைக் கப்பால் அளப்பதைவிடத் தராசில் நிறுப்பது நல்லது. கப்பில் அழுத்தி நிரப்பினால் ஒரு அளவும், கரண்டியால் அள்ளிப் போட்டால் வேறொரு அளவும் வரும். தொடக்கத்தில் பலருக்கு ரொட்டி கட்டியாகிப் போவது இந்த வித்தியாசத்தால்தான். புரதம் கூடுதலாக உள்ள பிரெட் மாவு கிடைத்தால் மைதாவுக்குப் பதிலாக அதையே பயன்படுத்தலாம், ஆனால் அது கூடுதலாகத் தண்ணீர் இழுக்கும் என்பதால் ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டும் சூடும்

பாலையும் தண்ணீரையும் ஒன்றாகக் கலந்து வெதுவெதுப்பாகச் சூடாக்குங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் லேசான வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சுடக் கூடாது; வெப்பமானி இருந்தால் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும், அதன் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மாவு உப்பாது. பால் சற்றுக் குளிர்ந்திருந்தால் உப்புவதற்கு நேரம்தான் கூடும், மாவு கெடாது. எனவே சந்தேகம் வரும்போதெல்லாம் குறைந்த சூட்டின் பக்கமே சாய்ந்துகொள்ளுங்கள்.

இன்ஸ்டன்ட் ஈஸ்டை நேரடியாக மாவில் கலக்கலாம். இருந்தாலும், திறந்து பல வாரங்களான பாக்கெட் என்றால், வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையையும் ஈஸ்டையும் கலந்து பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேலே நுரை கட்டி, புளிப்பு கலந்த ஒரு மணம் வந்தால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரையே வராவிட்டால் அதைக் கொட்டிவிட்டு வேறு பாக்கெட்டைத் திறப்பதுதான் வழி; அடுத்த மூன்று மணி நேர உழைப்பும் மாவும் வெண்ணெயும் அதனால் மிச்சமாகும்.

மாவு பிசைதல்

அகலமான பாத்திரத்தில் மைதா, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைப் போட்டு நன்றாகக் கலந்த பிறகு, பால் கலவையில் இரண்டு மேசைக்கரண்டியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்குக் கரண்டியால் கிளறினால் போதும். இப்போது அது சொரசொரப்பாக, பார்ப்பதற்கு அழகில்லாமல்தான் இருக்கும். மூடி வைத்து 20 நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இந்த 20 நிமிட ஓய்வைப் புதிதாகச் செய்பவர்கள் தவிர்த்துவிட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். கோதுமையில் உள்ள குளூட்டெனின், கிளியடின் என்னும் இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேரும்போது குளூட்டன் தானாகவே உருவாகத் தொடங்குகிறது. பிசைவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஓய்வுக்குப் பிறகு மாவைத் தொட்டுப் பார்த்தால், சொரசொரப்பு குறைந்து, விரலோடு சற்றே இழுபடும் தன்மை வந்திருப்பதை நீங்களே உணரலாம். மாவு இன்னும் விறைப்பாக இருந்தால், எடுத்து வைத்த பாலை இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெண்ணெய் இல்லாமல் ஐந்து நிமிடம் பிசையுங்கள். கொழுப்பு புரத இழைகளின் மேல் படிந்து அவை ஒன்றோடொன்று பிணைவதைத் தாமதப்படுத்தும் என்பதால், வெண்ணெயை இதற்குப் பிறகுதான் இரண்டு மூன்று தவணையாகச் சேர்க்க வேண்டும். வெண்ணெய் போட்டவுடன் மாவு வழுக்கிக்கொண்டு துண்டு துண்டாகப் பிரியும்; கை முழுவதும் பிசுபிசுக்கும். பலர் பதறி ஒரு கைப்பிடி மைதாவை அள்ளித் தூவுவது இந்த இடத்தில்தான். தூவாதீர்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மாவை முன்னோக்கித் தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தள்ளுங்கள். மூன்று நான்கு நிமிடங்களில் வெண்ணெய் முழுவதும் உள்ளே போய், மாவு பாத்திரத்தையும் கையையும் விட்டுத் தானாகப் பிரிந்து வரும். அதற்குப் பிறகு மேலும் ஐந்து நிமிடம் பிசைந்தால் காது மடலைப் போன்ற மென்மை கிடைக்கும்.

பிசைந்தது போதுமா என்று அறிய, ஓர் எலுமிச்சை அளவு மாவை எடுத்து இரு கை விரல்களாலும் மெல்ல விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கிழியாமல், பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய சவ்வாக விரிந்தால் மாவு தயார். பாதியிலேயே ஓரம் பிய்ந்து கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசைய வேண்டும்.

முதல் உப்புதல்

மாவை உருட்டி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். அறையின் வெப்பம் 28 டிகிரி அளவில் இருந்தால் ஒரு மணி முதல் ஒன்றே கால் மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். குளிர்ந்த அறையில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதே சரி: விரலில் மைதாவைத் தொட்டுக்கொண்டு மாவின் நடுவே அழுத்தினால், அந்தக் குழி அப்படியே நிற்க வேண்டும். உடனே மேலெழுந்து மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். குழியைச் சுற்றி மாவே அமுங்கிப் போனால் நேரம் கடந்துவிட்டது.

அன்றைக்கே முடிக்க நேரம் இல்லாதவர்கள், பிசைந்த மாவை மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் 8 முதல் 12 மணி நேரம் வைக்கலாம். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும். ரொட்டியின் சுவை கூடவே செய்யும்.

பூண்டு வெண்ணெய்

மாவு உப்பும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம். பூண்டைத் தோலுரித்துப் பொடியாக நறுக்குங்கள். 80 கிராம் வெண்ணெயில் 20 கிராமை மட்டும் சிறிய வாணலியில் மிகக் குறைந்த தீயில் உருக்கி, பூண்டைச் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் மூக்கைக் குத்தும் காரமான பச்சை வாசனை எழும். இரண்டு நிமிடத்தில் அந்தக் குத்தல் தணிந்து, இனிப்பு கலந்த மணமாக மாறும். பூண்டுத் துண்டுகளின் வெண்மை மங்கி, ஓரங்கள் கண்ணாடிபோலத் தெரியத் தொடங்கும். அந்தக் கணத்தில் தீயை அணைத்து, பூண்டை உடனே வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள். வாணலியின் சூட்டிலேயே விட்டுவைத்தால் அது பொன்னிறத்தைத் தாண்டி விரைவில் பழுப்பாகும். பழுப்பான பூண்டு கசக்கும், அந்தக் கசப்பை வெண்ணெயோ தழையோ மறைக்காது.

பூண்டு முழுமையாக ஆறிய பிறகே மீதி 60 கிராம் வெண்ணெய், தழை, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் குழைக்க வேண்டும். தடவுவதற்கு வெண்ணெய் இளகியிருக்க வேண்டுமே தவிர உருகியிருக்கக் கூடாது. உருகிய வெண்ணெய் மாவைச் சுருட்டும்போது பக்கங்களில் வழிந்து, டின்னின் அடியில் தேங்கி, அடிப்பக்கத்தைப் பொரித்துவிடும். இதில் இரண்டு மேசைக்கரண்டியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

உருட்டி வெட்டுதல்

உப்பிய மாவை மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, பூரிக்கட்டையால் 30 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட செவ்வகமாகத் தேயுங்கள். மாவு பின்னோக்கிச் சுருங்கினால் அதோடு மல்லுக்கு நிற்காமல் ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். குளூட்டன் தளர்ந்து தானே இணங்கும். நீளமான ஓரம் ஒன்றில் 2 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, மீதி முழுவதும் பூண்டு வெண்ணெயைச் சீராகத் தடவுங்கள். எதிர்ப்பக்கத்து நீளமான ஓரத்திலிருந்து பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, வெண்ணெய் படாத ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டிவிடுங்கள். மிக இறுக்கமாகச் சுருட்டினால் வேகும்போது நடுப்பகுதி மேலே பிதுங்கி வரும்.

வெட்டுவதற்குக் கத்தியைவிடத் தையல் நூல் சிறந்தது. நூலைச் சுருளுக்கு அடியில் நுழைத்து, இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து குறுக்காக மாற்றி இழுத்தால், வட்டம் நசுங்காமல் துண்டாகும். ஒன்பது துண்டுகளை வெண்ணெய் தடவிய டின்னில் மூன்று வரிசையாக, வெட்டிய பக்கம் மேலே தெரிய, இடைவெளி விட்டு அடுக்குங்கள். மூடி வைத்தால் 35 முதல் 45 நிமிடத்தில் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு உப்பிவிடும். விரலால் பக்கவாட்டில் மெல்ல அழுத்தும்போது குழி மெதுவாக, பாதி அளவுக்கு மட்டும் எழுந்தால் ஓவனில் வைக்கும் நேரம் வந்துவிட்டது.

வேகவைத்தல்

ஓவனை 180 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் முன்சூடாக்குங்கள். ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய வேண்டும். ரோல்களின் மேல் பால் மட்டும் தடவுங்கள். பூண்டு வெண்ணெயை இப்போது தடவினால் மேற்பரப்பில் உள்ள பூண்டுத் துணுக்குகள், ரொட்டி வேகும் முன்பே கருகிவிடும். நடுத் தட்டில் வைத்து 22 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். 15 நிமிடத்திலேயே மேல்பகுதி நன்றாகச் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடலாம். வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடு ரோலின் உள்ளே குத்திப் பார்க்கலாம்; 90 டிகிரியைத் தொட்டிருந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லாதவர்கள் நடு ரோலின் ஓரத்தை முள்கரண்டியால் சற்று விலக்கிப் பார்த்து, உள்ளே ஈரமான பசை தெரியாவிட்டால் எடுத்துவிடலாம்.

எடுத்த உடனே, எடுத்து வைத்த இரண்டு மேசைக்கரண்டி பூண்டு வெண்ணெயைச் சூட்டோடு சூடாகத் தடவுங்கள். அது உருகிச் சுருள்களின் இடுக்குகளுக்குள் இறங்கும் அந்த நேரத்தில் எழும் மணத்துக்காகத்தான் இத்தனை பொறுமையும். பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள்; டின்னிலேயே ஆறவிட்டால் நீராவி அடியில் தங்கி ஈரமாக்கிவிடும்.

மீதமானால்

ரோல்கள் செய்த அன்றே உண்பதற்குரியவை. மீதமானவற்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து மிக விரைவாக இறுகி விறைக்கும். முழுவதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத பையில் கட்டி உறைநிலைப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். வேண்டும்போது எடுத்து, மேலே சிறிது தண்ணீர் தெளித்து, 160 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் சூடாக்கலாம். பூண்டு வெண்ணெய் மிஞ்சினால் அதை வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் படாமல் கொழுப்புக்குள் அமிழ்ந்திருக்கும் பூண்டில், அறை வெப்பத்தில் பொட்டுலிசம் என்னும் கடும் நச்சுநோயை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்பு உண்டு. மூடிய கிண்ணத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.