டிரொப்டவுனில் காட்டுவது வேறு, சேமிப்பது வேறு

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. மீனவர் சங்கம் ஒன்றுக்குப் படகுப் பதிவுக்கான இணையப் படிவத்தை, பைதான் நிரல்மொழியில் இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ஜாங்கோவில் செய்து கொடுத்தபோது, அந்த 11 பெயர்களையும் ஒரு டிரொப்டவுனில், அதாவது சொடுக்கினால் விரியும் தெரிவுப் பட்டியலில் இட்டு, அதே பெயர்களையே தரவுத்தளத்திலும் சேமித்தேன். புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்கள் பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

ஜாங்கோவில் தெரிவு ஒவ்வொன்றும் ஒரு சோடியாகும். சோடியின் முதற்பகுதி தரவுத்தளத்தில் சேமிக்கப்படும் பெறுமானம். இரண்டாவது பகுதி திரையில் தெரியும் பெயர். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலே பழைய பதிவுகள் எல்லாம் பட்டியலுடன் தொடர்பற்றுப் போய்விடும். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை என்றும் திருக்கோணமலை என்றும் எழுதுகிறோம். இரண்டும் வழக்கில் உள்ளவை, ஆனால் கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். இதைவிட நுட்பமான சிக்கலும் உண்டு. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யுனிகோட்டில் 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, அரவு என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் முறையில் 'திருகோணமலை' என்பதன் நீளம் பைதானில் 10. இரண்டாவது முறையில் 11. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாத நிலையில் தேடல் மட்டும் பொய்த்துப் போகும்போது, பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

ஆகவே சேமிப்பதற்கு நான்கைந்து ஆங்கில எழுத்துகளாலான, என்றும் மாறாத குறியீடு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலிலுள்ள வரிசை எண்ணைக் குறியீடாக்கக் கூடாது. நடுவில் ஒரு தெரிவைச் சேர்த்து எண்களை மாற்றிவிட்டால் பழைய பதிவுகளின் பொருளும் சேர்ந்து மாறிவிடும். ஜாங்கோ 3.0 முதல் கிடைக்கும் டெக்ஸ்ட் சொய்சஸ் வகுப்பு, குறியீட்டையும் பெயரையும் ஓரிடத்தில் ஒழுங்காக வைத்திருக்க உதவுகிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் படிவம் தேவைப்படும் நம் மாவட்டத்தில் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். ஆனால் மொழிபெயர்ப்புக்கு ஜாங்கோவின் 'லேசி' வடிவத்தையே, அதாவது பெயரைத் திரையில் காட்டும் வேளையில் மட்டும் மொழிபெயர்க்கும் வடிவத்தையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் செயலி தொடங்கும்போது எந்த மொழி இருந்ததோ அதே மொழி எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த தவறு, முதல் தெரிவு தானாகவே தேர்வாகியிருக்க விடுவது. அகர வரிசையில் எங்கள் பட்டியலின் முதற்பெயர் கந்தளாய். அவசரத்தில் படிவத்தின் அந்தப் புலத்தை (நிரப்பும் கட்டத்தை) தொடாமல் அனுப்பியவர்களின் கடற்படகுகள் எல்லாம், கடலே இல்லாத கந்தளாயில் பதிவாகியிருந்தன. ஜாங்கோ வழக்கமாக வெற்றுக் கோடுகளாலான ஒரு வரியைப் பட்டியலின் தலையில் வைக்கும். கட்டாயப் புலத்துக்கு இயல்பிருப்புப் பெறுமானம், அதாவது பயனர் தொடாவிட்டாலும் தானாகவே இருக்கும் பெறுமானம் கொடுத்தால் அந்த வரி மறைந்துவிடும். நான் வசதிக்காகக் கொடுத்த இயல்பிருப்பே இவ்வளவுக்கும் காரணம்.

தெரிவுகளை மொடலில், அதாவது தரவுத்தள அட்டவணையை விவரிக்கும் ஜாங்கோ வகுப்பில் எழுதிவிட்டதால் தவறான பெறுமானம் உள்ளே வராது என்று நம்புவதும் ஆபத்தானது. படிவத்தின் வழியாக வருபவை சரிபார்க்கப்படும். ஆனால் எக்செல் கோப்பிலிருந்து நிரல் மூலம் ஏற்றி நேரடியாகச் சேமிக்கும் பதிவுகளை மொடல் தானாகச் சரிபார்ப்பதில்லை. சேமிக்கும் முன் முழுச் சரிபார்ப்பை நாமே அழைக்க வேண்டும், அல்லது தரவுத்தளத்திலேயே ஒரு கட்டுப்பாட்டை இட வேண்டும்.

எல்லாவற்றையும் நிரலில் எழுதிவைக்கவும் கூடாது. 11 பிரிவுகள் எளிதில் மாறாதவை. ஆனால் இறங்குதுறைகள், படகு வகைகள் போன்றவற்றைச் சங்கத்தினரே சேர்ப்பார்கள், திருத்துவார்கள். அவற்றுக்குத் தனி அட்டவணை அமைத்து, ஓர் அட்டவணையின் பதிவை இன்னோர் அட்டவணையின் பதிவுடன் இணைக்கும் ஃபொரின் கீ மூலம் இணைப்பதே முறை. பயன்பாட்டில் இல்லாமல் போன ஒரு வகையை அதிலிருந்து அழித்துவிடாதீர்கள். அந்த வகையில் பதிவான பழைய படகின் தொலைபேசி எண்ணைத் திருத்த வருபவர், டிரொப்டவுன் வெறுமையாக இருப்பதைக் கண்டு, படகுக்குப் பொருந்தாத வேறு வகையொன்றைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க நேரலாம். 'செயலில் உள்ளது' என்ற புலம் ஒன்றைச் சேர்த்து, புதிய பதிவுகளில் மட்டும் அந்த வகையை மறைத்தால் போதும்.