பனிச்சரிவுக் காற்றுப்பை: தேர்ந்தெடுப்பதும் இழுக்கப் பழகுவதும்

டர்பனில் டிசம்பர் விடுமுறை வரும்போது ஆல்ப்ஸ் மலையில் பனிக்காலம். லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தளத்தில் சறுக்கக் கற்ற நம் பிள்ளைகள் அடுத்து அங்கே போகத்தான் ஆசைப்படுகிறார்கள். காற்றுப்பை என்பது, மலையிலிருந்து சரிந்துவரும் பனியில் சிக்கினால் காற்று நிரம்பி விரியும் பையை உள்ளே வைத்த முதுகுப்பை. ஆஃப்ரிஸ்கியின் சீரமைத்த தடத்தில் அதற்கு வேலையில்லை. ஆல்ப்ஸில் தடத்தை விட்டு விலகி, 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் வழிகாட்டியோடு இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பை எப்படிக் காப்பாற்றுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கைப்பிடியை இழுத்தால் சுமார் 150 லிட்டர் கொள்ளளவுள்ள பை சில நொடிகளில் விரியும். அரிசி டப்பாவில் நிலக்கடலையைப் போட்டுக் குலுக்கினால் கடலை மேலே வருமே, அதே விதிதான்: ஓடும் பனியில் பெரிய பொருள் மேலே வரும், விரிந்த பை உங்களைப் பெரிய பொருளாக்குகிறது. பனி நின்றபின் இழுத்துப் பயனில்லை. பாறையிலோ மரத்திலோ மோதினாலும் பையை நம்ப முடியாது.

2014இல் வெளியான ஓர் ஆய்வில், பை விரிந்தவர்களிடம் இறப்பு 22 விழுக்காட்டிலிருந்து 11 ஆகக் குறைந்தது தெரிந்தது. ஆனால் ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை. அதில் பாதிக்கு மேல், அணிந்தவர் பையை இயக்காததால் நேர்ந்தது. எனவே என் கருத்தில் எந்த நிறுவனத்தின் பை என்பதைவிட, உங்கள் கை தானாகக் கைப்பிடிக்குப் போகிறதா என்பதே பெரிய கேள்வி.

படி 1: வகை. ஒன்று அழுத்தவாயு உருளை. எடை குறைவு, ஆனால் ஒருமுறை இழுத்தால் உருளையை மாற்றவோ நிரப்பவோ வேண்டும். மற்றது மின்விசிறி, விலை கூடுதல், ஆனால் மறுபடி மறுபடி விரித்துப் பழகலாம். புதியவர்களுக்கு நான் மின்விசிறியைத்தான் சொல்வேன். ஒரே பயணம் என்றால் அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

படி 2: அளவு. ஒருநாள் பயணத்துக்கு, முதுகுப்பையில் சாமான் வைக்கும் இடம் 20 முதல் 30 லிட்டர் போதும். முதுகு நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று சுமையோடு போட்டுப் பாருங்கள்.

படி 3: கால்பட்டை. இடுப்புப்பட்டையோடு, தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையையும் கட்டாயம் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் விரிந்த பை தலைவழியே கழன்று போகலாம்.

படி 4: கைப்பிடி. வலக்கைக்காரர் இடத் தோள்பட்டையில் வைக்கட்டும். தடித்த கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பழகுங்கள். சறுக்குக் கோலின் வார் மணிக்கட்டில் இருக்கக்கூடாது.

படி 5: காலையில். உருளையின் எடையை அல்லது மின்னேற்றத்தைச் சரிபாருங்கள். அன்றைய பனிச்சரிவு அபாய அறிவிப்பைப் படியுங்கள்; அபாயம் 1 முதல் 5 வரை குறிக்கப்படும். புதைந்தவரின் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனியில் குத்தித் தேடும் துழாவுகோல், தோண்ட மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். நாற்காலி லிஃப்டில் கைப்பிடியைப் பூட்டி வையுங்கள். இறங்கியதும், சரிவில் கால் வைக்கும் முன் திறந்துவிடுங்கள்.

படி 6: விமானம். வாயு உருளையுள்ள பை ஆளுக்கு ஒன்று கொண்டுபோகலாம், ஆனால் விமான நிறுவனத்தின் அனுமதி முன்பே வேண்டும். இடையில் மாறும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதி, பதிலை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். அமெரிக்கா வழியாகப் போகிறீர்கள் என்றால் நிரம்பிய உருளையை விடமாட்டார்கள்.