பழைய ஸ்டூல்ல உயிரோட இருக்கிற மாதிரி பட்டாம்பூச்சி வரையுறது எப்படி

பிரஷ்ஷ எடுக்குறதுக்கு முன்னாடி நிஜ பட்டாம்பூச்சி ஒண்ண நல்லா பாருங்க. கடையில வாங்குற ஸ்டென்சில்ல நிறைய, குண்டூசி குத்தி பெட்டியில வச்ச பூச்சி மாதிரிதான் இருக்கும், முன் இறக்கைய மேல தூக்கி அதோட கீழ் விளிம்பு உடம்புக்கு நேர் குறுக்கா நிக்கும். வெயில் காயுற பூச்சி அப்படி உக்காராது, முன் இறக்கை பின்னால சரிஞ்சு பின் இறக்கைய கொஞ்சம் மூடியிருக்கும். இந்த சரிவு வந்தாலே படத்துக்கு உயிர் வந்துடும்.

நான் வரையுறது தமிழ் மறவன். 2019ல நம்ம மாநில வண்ணத்துப்பூச்சினு அறிவிச்சாங்கல்ல, அதுதான். ஆரஞ்சு இறக்கை, ஓரத்துல கருப்பு, அதனால பெயின்ட் செலவும் கம்மி.

ஸ்டூல்ல பழைய எனாமல் இருந்தா பளபளப்பு போற வரைக்கும் 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால தண்ணி தொட்டு தேய்க்கிற உப்புத்தாளா வாங்குங்க, மாஸ்க்கும் போட்டுக்கோங்க. நான் முதல் ஸ்டூல்ல சோம்பல்பட்டு தேய்க்காம அடிச்சேன், மேல அடிச்ச அக்ரிலிக் (தண்ணில கரைக்கிற பெயின்ட்) தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு, அவ்வளவு வேலையும் போச்சேனு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. துடைச்சுட்டு பிரைமர் ஒரு கோட், பேஸ் கலர் ரெண்டு கோட்.

டிரேசிங் பேப்பர பாதியா மடிச்சு ஒரு பக்க இறக்கைய மட்டும் வரைஞ்சு மறுபக்கம் நகல் எடுங்க. பேப்பருக்குப் பின்னாடி சாக்பீஸ் தேய்ச்சு மரத்துல பதிக்கலாம், கார்பன் பேப்பர் வேணாம், அந்தக் கோடு ஆரஞ்சுக்கு அடியில தெரியும். நாலு இறக்கையும் நெஞ்சுல இருந்துதான் கிளம்பணும், வயித்துல ஒட்டி வரைஞ்சா பாக்குறவங்களுக்கு ஏதோ தப்புனு தோணும் ஆனா என்னனு சொல்லத் தெரியாது. உணர்கொம்பு நுனியில குண்டு மாதிரி இருக்கணும், இறகு மாதிரி போட்டா அந்துப்பூச்சி ஆயிடும்.

பேஸ் கலர் டார்க்கா இருந்தா முதல்ல இறக்கைக்குள்ள வெள்ளை ஒரு கோட் குடுங்க, ஆரஞ்சு தனியா மூடாது. பின் இறக்கைய முடிச்சு காய விட்டு அப்புறம் முன் இறக்கை. பிரஷ் எப்பவும் உடம்புல இருந்து வெளிப்பக்கமா, நரம்பு ஓடுற திசையிலயே போகட்டும். நரம்புக்கு ஜீரோ நம்பர் பிரஷ்ல, கருப்ப தண்ணி விட்டு இளக்கி, மூச்சப் புடிச்சுட்டு ஒரே இழுப்பு.

ஒரு நாள் முழுசா காஞ்சதும் வாட்டர் பேஸ் வார்னிஷ் மெல்லிசா ரெண்டு கோட். ஆயில் வார்னிஷ் போக போக மஞ்சளாகும், வெளிர் கலர் ஸ்டூலுக்கு வேணாம்.