நிவாரணக் கணக்கை ஊருக்கும் சொல்வது எப்படி?

பேரிடர் நிவாரணத்தில் இறங்கும் தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் நன்கொடையாளருக்கும் அரசுக்கும் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்துவிடுகின்றன. பொருளைப் பெற்றுக்கொண்ட ஊருக்குத்தான் எவரும் கணக்குச் சொல்வதில்லை. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை நெறிகள், பணம் தருபவருக்கும் உதவி பெறுபவருக்கும் ஒருசேரப் பொறுப்புக்கூற வேண்டும் என்கின்றன. அந்த இரண்டாவது கடமையை ஒரு சிறிய நிறுவனம் எப்படி நிறைவேற்றலாம் என்பதை, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரையில் நடந்தவற்றைக் கொண்டு இங்கே பார்க்கலாம்.

முதல் வேலை பயனாளிகள் பட்டியல். பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. சுனாமியின்போது பல நிறுவனங்கள் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து தந்த பட்டியலையே நம்பின. அது விரைவாகக் கிடைத்தது, ஊருக்குள் மதிப்பும் பெற்றிருந்தது. ஆனால் தலைச்சுமையாக மீன் விற்ற பெண்கள், ஆண் துணையற்ற குடும்பங்கள், உப்புநீர் ஏறிய வயல்களில் கூலி வேலை செய்த தலித் மக்கள், இருளர் போன்ற பழங்குடியினர் எனப் பலர் அத்தகைய பட்டியல்களுக்கு வெளியே நின்றார்கள். ஆகவே ஊர்த் தலைவர்கள் தரும் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஊரின் கடைசித் தெரு வரை நடந்து சென்று, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பெண்களிடம் தனியே கேளுங்கள். திருத்திய பட்டியலைப் பொது இடத்தில் உரக்கப் படித்து, சுவரில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல அவகாசம் தாருங்கள். அதில் ஆதார் எண்ணோ தொலைபேசி எண்ணோ இருக்கக் கூடாது. பெயர் வெளிப்பட்டால் ஆபத்து நேரக்கூடியவர்களுக்குத் தனிப்பதிவு வேண்டும்.

விநியோகம் நடக்கும் இடத்தில் தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு என்னென்ன, எவ்வளவு கிடைக்கும், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள், செலவு யாருடையது என்பவை அதில் இருக்கட்டும். இவை இலவசம் என்பதையும், இதற்காகப் பணியாளர் எவரும் பணமோ பாலியல் இணக்கமோ கேட்பது குற்றம் என்பதையும், அப்படிக் கேட்டால் யாரிடம் சொல்வது என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதத் தயங்கும் நிறுவனங்கள் உண்டு. அந்தத் தயக்கம் தவறு செய்பவருக்கு மட்டுமே உதவும்.

அடுத்தது புகார். பூட்டிய பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டால் போதாது. எழுதத் தெரியாதவருக்கு அது பயன்படாது, தெரிந்தவரும் பொருள் நின்றுவிடுமோ என்று அஞ்சுவார். குறித்த நேரத்தில் அமர்ந்து குறை கேட்க ஒரு பெண் பணியாளர், ஒரு தொலைபேசி எண், பணியாளர் மீதான புகாருக்குக் களக்குழுவைத் தாண்டிய தனி வழி ஆகிய மூன்றும் தேவை. புகார் வந்த நாள், எடுத்த முடிவு, பதில் சொன்ன நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறியுங்கள். செய்ய முடியாததைச் செய்ய முடியாது என்று சொல்வதும் பதில்தான். ஒரு முகாமிலிருந்து புகாரே வரவில்லையென்றால் மகிழ்ச்சியடையாதீர்கள். அங்கே போய்ப் பாருங்கள்.

பணியின் தரத்தை மதிப்பிட, நிவாரண நிறுவனங்கள் உலகெங்கும் பின்பற்றும் ஸ்பியர் (Sphere) கையேட்டின் குறைந்தபட்ச அளவுகள் உதவும்: நாளொன்றுக்கு ஒருவருக்கு 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர். எனினும் அளவு சரியாக இருப்பதே போதுமானதன்று. சுனாமிக்குப் பின் தார் அட்டையால் எழுப்பிய தற்காலிகக் குடியிருப்புகள் வெயிலில் தகித்தன. சதுர மீட்டரை அளந்து பார்ப்பதால் அது தெரியாது, நண்பகலில் உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால்தான் தெரியும்.

கற்றலைத் திட்டம் முடிந்த பிறகு எழுதும் அறிக்கைக்கு ஒதுக்கிவிடாதீர்கள். நாகப்பட்டினம் பகுதியில் யாரும் கேட்காத பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்தன. நன்கொடை நிறுவனங்கள் போட்டிபோட்டு ஃபைபர் படகுகளை வழங்கியதால், முன்பிருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்த கிராமங்களும் உண்டு. படகின் எண்ணிக்கை அறிக்கையில் அழகாகத் தெரியும் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்றே கருதுகிறேன். இத்தகைய தவறுகளைப் பணி நடக்கும்போதே திருத்த, வாரம் ஒருமுறை களப்பணியாளர்கள் புகார்ப் பதிவேட்டுடன் கூட வேண்டும். எது தேவைப்படவில்லை, யாருக்குக் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் எதை நிறுத்துவது என்று பேசி, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பொறுப்பாளரையும் ஒரு தேதியையும் குறிக்க வேண்டும். கொள்முதல் பட்டியலிலோ தேர்வு விதியிலோ ஒரு வரிகூட மாறவில்லையென்றால், அந்தக் கூட்டத்தில் எதையும் கற்கவில்லை என்று பொருள்.

கற்றதை மற்ற நிறுவனங்களுக்கும் சொல்லுங்கள். நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்து இயங்கிய தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம், எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற தகவலைத் திரட்டியது. அத்தகைய ஏற்பாடு உங்கள் பகுதியில் இருந்தால், வெற்றிக் கதைகளோடு தோற்றுப்போன முயற்சிகளையும் அங்கே வையுங்கள்.

பணியை முடித்துக் கிளம்புமுன், வரவு செலவை அதே ஊரில் கூட்டம் கூட்டிப் படித்துக் காட்டுங்கள். பொருளுக்கு ஆன செலவோடு ஊதியம், வாகனம், அலுவலக வாடகை ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். கேள்விகளுக்குக் கணக்காளரே நேரில் பதில் சொல்லட்டும். நகல் ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்று மகளிர் சுயஉதவிக் குழுவிடமும் இருக்கட்டும்.