தீவிரவாதக் குழுக்களைப் பற்றிய புலனாய்வு நூல்களை வாசிக்கும் முறை

இத்தகைய நூல் எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதை முதலில் பாருங்கள். ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ என்னும் மதக் குழுவினர் 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்னும் நச்சைப் பரப்பியதைப் பற்றி அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எழுதியவருக்கு, பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்த சாட்சியங்கள் கிடைத்திருக்க வழியில்லை. தலைவர் ஷோகோ அசஹாராவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதே 2004இல்தான்.

ஆசிரியர் நேரில் கண்டவை, ஆவணங்களில் படித்தவை, பிறர் சொல்லக் கேட்டவை ஆகியவற்றைப் பக்க ஓரத்தில் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இந்த உழைப்பு வீணன்று. 1994 ஜூனில் இதே குழு மாட்சுமோட்டோ நகரில் சாரினைப் பரப்பியபோது, முதலில் தகவல் கொடுத்தவரும், தன் மனைவி நினைவிழந்து கிடக்கத் தானும் பாதிக்கப்பட்டவருமான ஒரு குடியிருப்பாளரையே காவல்துறை சந்தேகித்தது. செய்தி ஊடகங்களும் அவரைக் குற்றவாளியைப் போலவே சித்திரித்தன. அக்காலச் செய்திகளை மட்டும் நம்பும் நூல் அந்த அநீதியைத் தொடரவே செய்யும்.

அறியாதவர்களே இத்தகைய குழுக்களிடம் ஏமாறுவார்கள் என்ற எண்ணத்துடன் வாசிக்காதீர்கள். ரயிலில் நச்சுப் பையைத் துளைத்தவர்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். அவர் எதைத் தேடிச் சென்றார், எந்தக் கட்டத்தில் குழுவின் கட்டளையை மறுக்க முடியாதவரானார் என்று நூல் விளக்குகிறதா எனக் கவனியுங்கள். பாதிக்கப்பட்ட பயணிகளுக்கு எத்தனை பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பதையும் பாருங்கள். தலைவரின் கவர்ச்சியிலேயே மூழ்கும் நூலோடு, பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களைக் கொண்ட மற்றொன்றையும் சேர்த்து வாசியுங்கள்.