டிவிடி பிளேயர் செட்டப் மெனு: எதை எங்கே வைப்பது?

குமரி மாவட்டம் கருங்கல் ஊரில் உள்ள என் ரிப்பேர் கடைக்கு டிவிடி பிளேயர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. புதுப்படம் பார்க்க யாரும் கொண்டு வருவதில்லை. கல்யாணம், வீடு பால்காய்ப்பு, கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று அலமாரியில் கிடக்கும் டிஸ்குகளைப் போட்டுப் பார்க்கத்தான். "எனக்க மவளுக்க கல்யாண சிடி பிள்ளே, கருப்பு வெள்ளையா ஓடுது" என்று பையோடு வந்து நிற்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் பழுதே இருக்காது. வயர் இடம் மாறியிருக்கும், இல்லையென்றால் செட்டப் மெனுவில் யாரோ எதையோ அமுக்கியிருப்பார்கள். அந்த மெனு கேட்பதெல்லாம் உங்கள் டிவியையும் ஸ்பீக்கரையும் பற்றித்தான். பலர் டிஸ்கைப் பற்றிக் கேட்கிறது என்று நினைத்துப் பதில் கொடுக்கிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

முதலில் வயர். மஞ்சள் ஜாக்தான் காம்போசிட்: படத்தின் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் போகும். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் சேர்ந்தது காம்பொனென்ட். அதில் பச்சையில் போவது வெளிச்சம் மட்டும். நிறம் மற்ற இரண்டில். மஞ்சள் பின்னைக் கொண்டுபோய் பிளேயரின் பச்சை ஜாக்கில் குத்தினால் படம் கருப்பு வெள்ளையாகத்தான் வரும். சில புது டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளைதான் இருக்கும். அங்கே வயர் சரியாக இருந்தாலும், டிவி ரிமோட்டில் சோர்ஸை ஏவி என்று வைக்காமல் காம்பொனென்ட் என்று வைத்தால் நிறம் போய்விடும். சிவப்பு ஜாக் இரண்டு உண்டு, கவனம்: வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது வலது பக்கச் சத்தம், நீலத்துக்குப் பக்கத்தில் இருப்பது படம். இரண்டு பெட்டியிலும் எச்டிஎம்ஐ இருந்தால் இந்தத் தொல்லையே வேண்டாம். படமும் சத்தமும் ஒரே வயரில் போய்விடும்.

குளச்சல், முட்டம், மண்டைக்காடு பக்கத்து ஆட்கள் மெனுவைத் தொடும் முன்னால் பின்னைக் கழற்றிப் பாருங்கள். கடல்காற்றுக்குக் களிம்பு பிடித்திருக்கும். கழற்றித் துடைத்து, இரண்டு திருகு திருகிச் சொருகினாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

அடுத்தது ப்ராக்ரஸிவ் ஸ்கேன், ரிமோட்டில் பி-ஸ்கேன். பழைய முறையில் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் மறு தடவை என்று மாறி மாறி வரும்; நம் நாட்டு டிவி முறையான பாலில் (PAL) நொடிக்கு 50 அரைப்படங்கள். ப்ராக்ரஸிவில் 576 வரியும் ஒன்றாக வரும். இது காம்பொனென்டிலும் எச்டிஎம்ஐயிலும் மட்டும்தான் போகும். மஞ்சள் வயர் மட்டும் போட்டிருக்கும் வீட்டில் குழந்தைகள் இதை ஆன் செய்துவிட்டால் படம் கலங்கிப்போகும், இல்லை மொத்தமாகப் போய்விடும். மெனுவே தெரியாதே, எப்படித் திருப்பி மாற்றுவது? டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு, ரிமோட்டில் பி-ஸ்கேன் அல்லது வி-மோட் என்ற பட்டனை அமுக்கி, சில நொடி பொறுத்து, மறுபடி அமுக்குங்கள். படம் வந்ததும் கையை எடுத்துவிடலாம்.

டிவி டைப் என்று ஒன்று இருக்கும்: 4:3 பான் ஸ்கேன், 4:3 லெட்டர்பாக்ஸ், 16:9. சுவரில் மாட்டும் அகல டிவி என்றால் 16:9, அவ்வளவுதான். பழைய பெட்டி டிவி வைத்திருப்பவர்கள் மட்டும் மற்ற இரண்டில் யோசிக்க வேண்டும். லெட்டர்பாக்ஸில் மேலும் கீழும் கருப்புப் பட்டை விழும், படம் முழுதாக இருக்கும்; பான் ஸ்கேனில் திரை நிறையும், இரண்டு ஓரமும் வெட்டுப்படும். எனக்கு லெட்டர்பாக்ஸ்தான் பிடிக்கும். பழைய கல்யாண வீடியோ 4:3-இல் எடுத்தது; அகல டிவியில் மாப்பிள்ளையும் பெண்ணும் குண்டாகத் தெரிந்தால், டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றுங்கள்.

இனி சத்தம். "பாட்டு காதைக் கிழிக்கு, பேச்சு கேக்கல" என்பது படம் பார்ப்பவர்கள் கொண்டுவரும் புகார். 5.1 என்றால் முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பின்னால் இரண்டு, அந்த .1 என்பது அடிச்சத்தத்துக்கான சப்வூஃபர். பேச்சு பெரும்பாலும் சென்டரில்தான் இருக்கும். டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். மெனுவில் 5.1 என்று இருந்தால், பேச்சு வயரே இல்லாத ஒரு ஜாக்குக்குப் போய்ச் சேரும். ஸ்பீக்கர் செட்டப்பில் டவுன்மிக்ஸைத் தேடி ஸ்டீரியோ என்று வையுங்கள். எல்லாம் இரண்டில் கலந்து வரும். ராத்திரி பார்க்கிறவர்கள் டிஆர்சியையும் ஏற்றிக்கொள்ளலாம். அது பெரிய சத்தத்தை அடக்கி, மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

ஹோம் தியேட்டருக்குக் கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் வயர் போட்டிருந்தால் டிஜிட்டல் அவுட் என்ற இடத்தில் ரா, பிசிஎம் என்று இரண்டு வரும். சிலதில் ராவுக்குப் பதில் பிட்ஸ்ட்ரீம் என்று இருக்கும். ரா என்றால் டிஸ்கில் டால்பி, டிடிஎஸ் என்ற முறைகளில் சுருக்கி வைத்திருக்கும் சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது. பிரிக்கத் தெரிந்த ஆம்ப்ளிஃபையர் எதிரே இருக்க வேண்டும். தெரியாத பெட்டிக்கு அனுப்பினால் ஒன்றும் கேட்காது, இல்லையென்றால் இரைச்சல்தான். அப்போது பிசிஎம் என்று வையுங்கள், பிளேயரே பிரித்து அனுப்பும். டிடிஎஸ் டிராக்கில் மட்டும் சத்தம் வரவில்லை என்றால் ரிமோட்டில் ஆடியோவை அமுக்கி டால்பி டிராக்குக்கு மாறுங்கள்; விலை குறைந்த பல பிளேயர்களுக்கு டிடிஎஸ் தெரியாது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரிஜினல் டிஸ்க் எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்று காட்டும் எண்தான் ரீஜன். இந்தியா ரீஜன் 5. துபாய், சவுதி எல்லாம் ரீஜன் 2. அங்கே வாங்கிய ஒரிஜினல் டிஸ்க், 5-க்கு மட்டும் பூட்டிய பிளேயரில் ஓடாது. ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாண டிஸ்குக்கு ரீஜன் கிடையாது. அது அடுத்த வீட்டு பிளேயரிலும் ஓடாவிட்டால் டிஸ்கை ஃபைனலைஸ் செய்தாரா, அதாவது மற்ற பிளேயர்களிலும் ஓடும்படி எழுதி முடித்து மூடினாரா என்று அவரிடம் கேளுங்கள்.

1080 அப்ஸ்கேலிங் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். டிஸ்கில் இருப்பது 720-க்கு 576 புள்ளிதான். அதைப் பெரிதாக்கும் வேலையை உங்கள் டிவியே செய்யும்.

மெனுவில் சில வரிகள் மங்கலாக, தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்தால் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாப்பை இரண்டு தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் செட்டப் போங்கள். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் கடைசியில் டீஃபால்ட் என்று ஒரு வரி இருக்கும். அதை அமுக்கிய பிறகு டிவி டைப்பையும் டவுன்மிக்ஸையும் மட்டும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.